ஒரு டாலருக்கு இரவுச் சாப்பாடு: அமெரிக்கக் கிராமத்து நாவல்களின் வரவு செலவு

கலிஃபோர்னியாவில் ஒரு பீச் தோட்டம். பழம் பறித்துப் பெட்டியை நிரப்பினால் பெட்டிக்கு ஐந்து சென்ட் கூலி. அடிபட்ட பழம் இருந்தால் அந்தப் பெட்டி கணக்கில் சேராது. ஜோட் குடும்பத்தில் பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாரும் தோட்டத்தில் இறங்குகிறார்கள். இருபது பெட்டி சேர்ந்ததும் ஒரு டாலர் ஆகிறது. அந்த டாலரும் காசாகக் கைக்கு வருவதில்லை, சீட்டாக வருகிறது. சீட்டை மாற்ற இருப்பது ஒரே கடை, அதை நடத்துவதும் தோட்டக்காரர்கள்தான். வீட்டு அம்மா அங்கே போகிறாள். இறைச்சிக் கொத்து பவுண்டு இருபது சென்ட், இரண்டு பவுண்டு. ரொட்டி பதினைந்து சென்ட். ஐந்து பவுண்டு உருளைக்கிழங்கு இருபத்தைந்து சென்ட். இருப்பதிலேயே மட்டமான காப்பித்தூள் இருபது சென்ட். கூட்டிப் பார்த்தால் சரியாக ஒரு டாலர். காப்பிக்குச் சர்க்கரை வாங்கப் பத்து சென்ட் குறைகிறது. வெளியே டவுனில் இதைவிட மலிவாகக் கிடைக்கும், ஆனால் டவுனுக்குப் போய்வரும் பெட்ரோல் செலவு அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

ஜான் ஸ்டைன்பெக் 1939-இல் வெளியிட்ட ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலில் வரும் காட்சி இது. கடைசியில் கடைக்காரப் பணியாள் தன் சட்டைப் பையிலிருந்து பத்து சென்ட்டை எடுத்துக் கல்லாவில் போட்டுச் சர்க்கரையைத் தருகிறான். பலரும் நினைவில் வைத்திருப்பது அந்த இரக்கத்தைத்தான். எனக்கு அதற்கு முன்னால் வரும் கூட்டல்தான் முக்கியமாகப் படுகிறது. விலையை ஒவ்வொன்றாகச் சொல்லி, வாசகனையே கூட்ட வைத்து, ஒரு குடும்பத்தின் நாள் முழுவதன் உழைப்பும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சரியாகப் போய்விடுகிறது என்று ஸ்டைன்பெக் காட்டுகிறார்.

அமெரிக்கக் கிராமத்து நாவல் என்றால் பரந்த கோதுமை வயல், மண்ணோடு பிணைந்த மனிதன், பொறுமை, புழுதி என்றுதான் அறிமுகக் கட்டுரைகள் எழுதப்படுகின்றன. அவையும் அந்த நாவல்களில் உண்டு. ஆனால் இந்த வரிசையில் சிறந்த நாவல்கள் எல்லாவற்றிலும் எங்காவது ஒரு கணக்குப் புத்தகம் கிடக்கிறது. நிலம் யார் பெயரில், விதை யார் பணத்தில், கடன் யாரிடம், அந்தக் கணக்கை எழுதுகிறவன் யார் என்ற கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் படித்தால் கதாபாத்திரங்கள் வெறும் சோம்பேறிகளாகவோ தியாகிகளாகவோதான் தெரிவார்கள்.

வாரமும் பற்றும்

தென் மாநிலங்களிலிருந்து தொடங்கலாம். 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபோது விடுதலையான கறுப்பின மக்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. நிலம் பழைய முதலாளிகளிடமே இருந்தது, ஆனால் கூலி கொடுக்க அவர்களிடம் ரொக்கம் இல்லை. இந்த இரண்டு இல்லாமையும் சேர்ந்து உண்டாக்கியதுதான் வாரச் சாகுபடி. முதலாளி நிலம், குடிசை, கோவேறு கழுதை, விதை எல்லாம் கொடுப்பார். விளைச்சலில் பெரும்பாலும் பாதி அவருக்கு. அறுவடை வரை குடும்பம் சாப்பிட வேண்டிய மாவும் உப்புக்கண்டமும் முதலாளியின் கடையிலோ ஊர்க்கடையிலோ பற்றில் கிடைக்கும். ஈடு என்ன என்றால், இன்னும் விதைக்காத பயிர். ரொக்க விலைக்கும் பற்று விலைக்கும் உள்ள இடைவெளியிலேயே வட்டி ஒளிந்திருக்கும்.

ஆண்டு முடிவில் பருத்தி விற்றதும் கணக்குப் பார்ப்பார்கள். புத்தகம் முதலாளியிடம். வாரதாரருக்குப் பெரும்பாலும் எழுத்துத் தெரியாது. தெரிந்த கறுப்பினத்தவர் கணக்கைக் கேள்வி கேட்டால் உயிருக்கே ஆபத்து. கழித்தது போக மிச்சம் எதுவும் இல்லை என்றால் கடன் அடுத்த ஆண்டுக்குப் போகும், கடன் இருக்கும்வரை ஊரை விட்டுப் போக முடியாது. ஏழை வெள்ளையர்களும் பெருந்தொகையாக இதே வலையில் விழுந்தார்கள். பருத்தியைத் தவிர வேறு எதைப் பயிரிட்டாலும் கடைக்காரர் பற்றுத் தர மாட்டார் என்பதால் மண் செத்துப்போகும்வரை பருத்தியே விளைந்தது. 1919-இல் பவுண்டுக்கு 35 சென்ட் வரை போன பருத்தி 1931-இல் ஆறு சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. போதாததற்குப் பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு வேறு.

எர்ஸ்கின் கால்டுவெல்லின் ‘டொபாக்கோ ரோடு’ (1932) இந்த முறை நொறுங்கிய பிறகு ஜார்ஜியாவில் மிச்சமிருந்தவர்களைப் பற்றியது. ஜீட்டர் லெஸ்டரின் பாட்டன் காலத்தில் நிலமெல்லாம் அவர்களுடையது. இப்போது அவர் அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருப்பவர். நில முதலாளி ஊரைக் காலி செய்து போய்விட்டார், அவரோடு பற்றும் போய்விட்டது. விதைக்கும் உரத்துக்கும் வழியில்லை. ஒரு முறை நகரத்துக் கடன் கம்பெனியிடம் வாங்கிப் பயிரிட்டுப் பார்த்ததை நாவல் விவரிக்கிறது. வட்டி, கம்பெனி ஆள் மேற்பார்வைக்கு வந்து போன செலவு எல்லாவற்றையும் கழித்தபின் ஓர் ஆண்டு உழைப்புக்கு அவருக்கு நின்றது ஏழு டாலர். கோவேறு கழுதை வாடகை பத்து டாலர் பாக்கி. ஆக, பருத்தி விளைவித்ததற்கு மூன்று டாலர் நஷ்டம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வசந்தத்திலும் உழவேண்டும் என்ற துடிப்பு அவருக்கு வந்துகொண்டே இருக்கிறது. விதை இல்லாமலேயே காட்டுப்புல்லைக் கொளுத்துகிறார். அந்தத் தீயிலேயே அவரும் மனைவியும் சாகிறார்கள்.

இந்த நாவல்மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஏழு டாலர் கணக்கை எழுதத் தெரிந்த கால்டுவெல், அதே கையால் அந்தக் குடும்பத்தை ஒரு கேலிக்கூத்தாகவும் ஆக்கிவிடுகிறார். பசியில் டர்னிப் கிழங்கு மூட்டைக்கு நடக்கும் அடிதடி, புதுக் காரை ஒரே வாரத்தில் நொறுக்குவது, பிளந்த உதட்டுப் பெண் என்று சிரிப்புக்கு இடம் தேடிக்கொண்டே போகிறார். நியூயார்க்கின் பிராட்வே மேடையில் இது நாடகமாகி 1933 முதல் 1941 வரை 3,182 முறை நடந்தது. டிக்கெட் வாங்கி வந்த நகரத்துக்காரர்களில் எத்தனை பேர் கணக்கைக் கவனித்தார்கள், எத்தனை பேர் சிரித்துவிட்டுப் போனார்கள் என்பது யூகிக்கக் கூடியதுதான்.

மிசிசிப்பியின் பேரேடுகள்

மிசிசிப்பிக்காரரான வில்லியம் ஃபாக்னரைக் கடினமான நடைக்காரர் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவரைப் பணத்தின் வழியாகப் பிடித்தால் பாதை தெரியும். ‘ஆஸ் ஐ லே டையிங்’ (1930) நாவலில் தாய் சாகக் கிடக்கிறாள். அந்த நேரத்தில் இரண்டு மகன்கள் ஒரு வண்டி மரச்சுமை ஏற்றிப்போகிறார்கள். அதற்குக் கிடைப்பது மூன்று டாலர். அந்த மூன்று டாலரால் தாயின் சாவில் அவர்கள் உடனில்லை. பதினைந்து பேர் மாறி மாறிச் சொல்லும் 59 பகுதிகளில் பிறகு நடப்பதெல்லாம் சவப்பெட்டியோடு நகரத்துக்குப் போகும் பயணம். வழியில் கோவேறு கழுதைகள் வெள்ளத்தில் போய்விட, தகப்பன் ஆன்ஸ் புது ஜோடி வாங்குகிறான். எப்படி? தன் விவசாயக் கருவிகளை அடமானம் வைத்து, ஒரு மகன் கிராமபோன் வாங்கச் சேர்த்திருந்த எட்டு டாலரை எடுத்து, இன்னொரு மகனின் குதிரையையும் அவனைக் கேட்காமல் பேரத்தில் சேர்த்து. அந்தக் குதிரைக்காக மகன் இரவு இரவாக லாந்தர் வெளிச்சத்தில் பக்கத்துக்காரரின் நாற்பது ஏக்கரைத் திருத்திக் கொடுத்திருந்தான். கடைசியில் மகளிடம் இருந்த பத்து டாலரும் தகப்பனிடம் போகிறது, அவன் வாயில் புதுப் பல்செட் ஏறுகிறது. வியர்த்தால் செத்துவிடுவேன் என்று சொல்லி வாழ்நாள் முழுக்க வேலையைத் தட்டிக்கழித்தவன் அவன். ஏழைக் குடும்பத்துக்குள்ளேயே ஒரு சுரண்டல்காரன் இருக்க முடியும் என்பதை இவ்வளவு சிரிக்காமல் சொன்னவர்கள் குறைவு.

ஆனால் கணக்குப் புத்தகமே கதையாக மாறும் இடம் ‘கோ டவுன், மோசஸ்’ (1942) நூலில் ‘தி பேர்’ என்ற பகுதி. பெயர் கரடியைப் பற்றியது, வேட்டைக்கதை என்று எண்ணித்தான் எல்லாரும் உள்ளே போவார்கள். நடுவில், பண்ணைக் கடையின் பழைய பேரேடுகளைப் பதினாறு வயதுப் பேரன் ஐசக் புரட்டுகிறான். எழுத்துப்பிழைகளோடு ஒரு குறிப்பு: யூனிஸ் என்ற அடிமைப் பெண்ணைத் தாத்தா 1807-இல் நியூ ஆர்லியன்ஸில் 650 டாலருக்கு வாங்கினார். இன்னொருவனுக்குக் கட்டிக்கொடுத்தார். 1832 கிறிஸ்துமஸ் அன்று ஓடையில் மூழ்கிச் செத்தாள். ஆறு மாதம் கழித்து வேறொரு பதிவு, அவள் தானாகவே மூழ்கினாள் என்கிறது. அதே ஜூன் மாதம், அவளுடைய மகள் பிரசவத்தில் சாகிறாள். பிறந்த குழந்தைக்குத் தாத்தா உயிலில் ஆயிரம் டாலர் எழுதியிருக்கிறார். தேதிகளை அடுக்கி வைத்த பையனுக்கு உண்மை புரிந்துவிடுகிறது: தாத்தா, தன் அடிமைப் பெண்ணுக்குத் தனக்கே பிறந்த மகளையும் தொட்டிருக்கிறார். மகன் என்று வாயால் கூப்பிடுவதைவிட ஆயிரம் டாலர் அவருக்கு மலிவாகப் பட்டிருக்கிறது. இருபத்தோரு வயதில் ஐசக் அந்த நிலம் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறான். அதே கடையில் போருக்குப் பிந்தைய பேரேடுகளும் அதே அலமாரியில் தொடர்கின்றன. அடிமைப் பதிவு நின்ற பக்கத்திலிருந்து வாரதாரர்களின் மாவும் சர்க்கரைப்பாகும் ஆரம்பிக்கின்றன. தென் மாநில வரலாற்றைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிடவில்லை என்பது என் எண்ணம்.

‘பார்ன் பர்னிங்’ என்ற சிறுகதையையும் (1939) இங்கே சேர்க்கலாம். முதலாளி வீட்டு விலையுயர்ந்த கம்பளத்தை வாரதாரன் சாணிக்காலோடு மிதித்துப் பாழாக்குகிறான். அபராதம் இருபது புஷல் சோளம் என்கிறார் முதலாளி, நீதிபதி அதைப் பத்தாகக் குறைக்கிறார். இன்னும் விதைக்காத சோளத்திலிருந்து! அன்றிரவே அவன் களஞ்சியத்துக்குத் தீ வைக்கக் கிளம்புகிறான்.

சொந்த நிலம் கிடைத்தவர்கள்

வடக்கே நெப்ராஸ்காவின் புல்வெளியில் கதை வேறு. 1862-இன் குடியேற்ற நிலச் சட்டப்படி 160 ஏக்கரில் ஐந்து ஆண்டு குடியிருந்து உழுதால் சிறு கட்டணத்தோடு நிலம் சொந்தம். அந்த மண்ணிலிருந்து பூர்வகுடிகள் அதற்கு முன்பே துரத்தப்பட்டிருந்தார்கள் என்பதை வில்லா கேதரின் நாவல்கள் ஏறக்குறைய பேசுவதே இல்லை. ‘மை ஆன்டோனியா’ (1918) பொஹீமியாவிலிருந்து (இன்றைய செக் நாட்டின் பகுதி) வந்த ஒரு குடும்பத்தின் கதை. பழைய நாட்டில் வயலின் வாசித்த தகப்பன் முதல் குளிர்காலத்திலேயே தற்கொலை செய்துகொள்கிறார். மகள் அண்ணனோடு சேர்ந்து ஏர் பிடிக்கிறாள், பிறகு டவுனில் வீட்டு வேலைக்குப் போகிறாள். அவளுடைய சம்பளம் முழுவதும் தன்னிடமே வரவேண்டும் என்று அண்ணன் அடம்பிடிக்க, ஆண்டுக்கு ஐம்பது டாலரையாவது அவளுக்கென்று ஒதுக்கிவைப்பேன் என்று வீட்டு எஜமானி நின்றுவிடுகிறாள். சொல்லுகிறவன் வசதியான வீட்டுப் பையன் என்பதால் கதையில் ஏக்கம் நிறைய, கணக்குக் கொஞ்சம்தான். ஆனாலும் வேலைக்காரப் பெண்கள் அனுப்பிய சம்பளத்தில்தான் அந்தக் குடியேறிகளின் பண்ணைகள் கடன் தீர்ந்து செழித்தன என்பதைக் கேதர் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறார். ஊர் வட்டிக்காரன் விக் கட்டரையும் மறக்கவில்லை.

ஃபிராங்க் நாரிஸின் ‘தி ஆக்டோபஸ்’ (1901) கூலிக்காரர்களின் நாவல் இல்லை. அதில் வருகிறவர்கள் ஆயிரக்கணக்கான ஏக்கர் கோதுமை போடும் கலிஃபோர்னியா பண்ணையார்கள். 1880 மே மாதம் மஸல் ஸ்லூவில் ரயில்வேயின் ஆட்களோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஏழு பேர் இறந்ததை வைத்து எழுதியது. அதில் டைக் என்ற சிறு மனிதர் மட்டும் எனக்கு முக்கியம். ரயில்வே வேலை போனபின் கையிலிருந்ததையெல்லாம் போட்டு, பீர் தயாரிக்க உதவும் ஹாப்ஸ் பயிரிடுகிறார். விலை ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது சரக்குக் கட்டணம் பவுண்டுக்கு இரண்டு சென்ட்டிலிருந்து ஐந்து சென்ட் ஆகிறது. எந்த அடிப்படையில் என்று கேட்கிறார். சரக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு என்பதுதான் பதில்.

யாரைச் சுடுவது?

ஸ்டைன்பெக்கிடம் திரும்பலாம். கலிஃபோர்னியாவின் சலீனாஸில் 1902-இல் பிறந்தவர், இளம் வயதில் சர்க்கரைக் கம்பெனிப் பண்ணைகளில் வேலை செய்தவர். 1936-இல் ஒரு சான் ஃபிரான்சிஸ்கோ நாளிதழுக்காகப் புலம்பெயர் கூலிகளின் முகாம்களைச் சுற்றி ஏழு கட்டுரைகள் எழுதினார். அரசு முகாம் ஒன்றை நடத்திய டாம் காலின்ஸ், முகாமில் வாரம்தோறும் எழுதிய அறிக்கைகளை அவருக்குக் கொடுத்தார். யார் என்ன சாப்பிட்டார்கள், எந்தக் குழந்தைக்கு என்ன நோய், யார் என்ன பாட்டுப் பாடினார்கள் என்பது வரை அவற்றில் இருந்தது. நாவலின் சமர்ப்பணத்தில் வரும் டாம் இவர்தான். 1938-இன் கோடை, இலையுதிர் மாதங்களுக்குள் நாவலை எழுதி முடித்தார் ஸ்டைன்பெக். தலைப்பைச் சொன்னவர் மனைவி கேரல்.

ஜோட் குடும்பத்தைப் போன்ற ஓக்லஹோமாக்காரர்களைக் கலிஃபோர்னியாவுக்குத் துரத்தியது புழுதிப்புயல் என்றே பலர் எண்ணுகிறார்கள். நாவலும் புழுதியில்தான் தொடங்குகிறது. ஆனால் ஜோட் குடும்பத்தின் ஊர் சாலிசா, மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. பெரும்புயல்கள் அடித்தது மேற்கே, வால்போல் நீண்ட பகுதியில். சாலிசாவிலிருந்து அவர்களைக் கிளப்பியது டிராக்டரும் அரசின் பணமும். 1933-இன் வேளாண் சீரமைப்புச் சட்டம், பருத்தி விலையை ஏற்றுவதற்காக நிலத்தைத் தரிசாகப் போடச் சொல்லி உரிமையாளருக்குப் பணம் தந்தது. வாரதாரருக்கும் பங்கு உண்டு என்றுதான் விதி. நடைமுறையில் பல உரிமையாளர்கள் பணத்தை வாங்கி, வாரதாரரை வெளியேற்றிவிட்டு, டிராக்டர் வாங்கினார்கள். இதை எதிர்த்து 1934-இல் ஆர்கன்சாவில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்தே ஒரு வாரதாரர் சங்கம் தொடங்கினார்கள். அந்தக் காலத்துத் தெற்கில் இரு நிறத்தாரும் ஒரே சங்கத்தில் உட்காருவதே கலகம்.

நாவலின் ஐந்தாம் அத்தியாயம் இதைக் கையில் எடுக்கிறது. வீட்டை இடிக்க வரும் டிராக்டரை ஓட்டுகிறவன் அதே ஊர்ப் பையன், அறிந்த குடும்பம். நாளுக்கு மூன்று டாலர் சம்பளம், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். உன் மூன்று டாலருக்காகப் பதினைந்து இருபது குடும்பம் தெருவுக்கு வருகிறதே என்கிறார் குடியானவர். உன்னைச் சுட்டால்? வேறொருவன் வருவான். உத்தரவு கொடுத்தவனைச் சுட்டால்? அவனுக்கு வங்கி சொல்லியிருக்கிறது. வங்கித் தலைவரை? அவருக்குக் கிழக்கிலிருந்து உத்தரவு. அப்படியானால் யாரைச் சுடுவது என்ற கேள்விக்கு, சுடுவதற்கு ஆளே இல்லாமலும் இருக்கலாம் என்று பதில் வருகிறது. தெற்கத்திய வாரதாரனுக்குப் புத்தகம் வைத்திருந்தவனின் முகம் தெரியும், பெயர் தெரியும், அவனுடைய களஞ்சியம் எங்கே என்றும் தெரியும். இங்கே கணக்கு எழுதுகிறவனே கண்ணுக்குத் தெரியவில்லை. இந்த நாவல் ஒரு காலத்தின் ஆவணம் என்பதைத் தாண்டி நிற்பது இந்த இடத்தால்தான். மற்றபடி இடை அத்தியாயங்கள் சிலவற்றில் அவர் மேடையேறிப் பிரசங்கம் செய்வதைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற நாவல் இது. கதையில் குடும்பம் போய்ச் சேரும் கெர்ன் மாவட்டத்தின் நிர்வாகக் குழு 1939 ஆகஸ்டில் நாலுக்கு ஒன்று என்ற வாக்கில் நூலகங்களிலிருந்து அதை விலக்கியது. நூலகர் கிரெட்சன் நீஃப் தடையை எதிர்த்துக் கடிதம் எழுதினார், ஆனால் உத்தரவை மீறவில்லை. பிரதிகளைப் பிற நூலகங்களுக்கு இரவலாக அனுப்பிவிட்டார். தடை 1941-இல்தான் நீங்கியது. புத்தகத்தை எரிப்பதாக எடுத்த ஒரு புகைப்படமும் இருக்கிறது. அதில் தீ வைக்கிறவர் பண்ணைத் தொழிலாளி, பக்கத்தில் நிற்கிறவர் பண்ணை முதலாளி.

பேரேட்டில் பெயர் இல்லாதவர்கள்

ஸ்டைன்பெக் எழுதாமல் விட்டது என்ன? 1930-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா வயல்களில் பெரும்பாலும் மெக்சிகர்களும் பிலிப்பினோக்களும் உழைத்தார்கள். 1933-இன் பெரும் பருத்தி வேலைநிறுத்தத்தை நடத்தியவர்களில் பெரும்பான்மையினர் மெக்சிகர்கள். பொருளாதாரச் சரிவின்போது மெக்சிக வம்சாவளியினர் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி அனுப்பப்பட்டார்கள், அவர்களில் அமெரிக்கக் குடிமக்களும் நிறைய. அந்த இடத்துக்கு வந்தவர்கள்தான் ஓக்லஹோமாக்காரர்கள். அந்த வேலைநிறுத்தங்களை அடியொற்றி ஸ்டைன்பெக் எழுதிய ‘இன் டூபியஸ் பேட்டில்’ (1936) நாவலிலும் போராடுகிறவர்கள் வெள்ளையர்கள். நம்மவர்களே இப்படி வாடுகிறார்களே என்ற அதிர்ச்சியால்தான் நடுத்தர வர்க்க வாசகர் உலுக்கப்பட்டார் என்பது உண்மை. அந்த உலுக்கலுக்குக் கொடுத்த விலையும் அதுதான்.

எழுத்தாளர் சனோரா பாப்பின் கதை இதோடு சேர்ந்தது. ஓக்லஹோமாவில் பிறந்து, கொலராடோவின் மண்குழி வீட்டில் வளர்ந்தவர். 1938-இல் டாம் காலின்ஸோடு முகாம்களில் வேலை செய்தார். அவருடைய குறிப்புகளைக் காலின்ஸ் கேட்டு வாங்கி ஸ்டைன்பெக்கிடம் சேர்த்தார். பாப்பும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தின் பென்னட் செர்ஃப் ஆர்வத்தோடு கேட்டிருந்தார். ஆனால் 1939-இல் ஸ்டைன்பெக்கின் நாவல் வந்து விற்றுத் தீர்ந்ததும், ஒரே விஷயத்தில் இரண்டாவது புத்தகம் எடுபடாது என்று கைவிட்டார். ‘ஹூஸ் நேம்ஸ் ஆர் அன்னோன்’ என்ற அந்த நாவல் 2004-இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தபோது பாப்புக்குத் தொண்ணூற்றேழு வயது. அடுத்த ஆண்டு இறந்தார். தலைப்பு, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் சட்ட நோட்டீஸில் ‘உண்மைப் பெயர் தெரியாதவர்கள்’ என்று வரும் வாசகத்திலிருந்து எடுத்தது. இது உண்மையிலேயே புழுதிப்புயல் அடித்த பகுதியின் கதை. கலிஃபோர்னியா பகுதியில் கறுப்பினத் தொழிலாளியும் பிலிப்பினோத் தொழிலாளியும் வருகிறார்கள். ஸ்டைன்பெக்கின் முழக்கம் இதில் இல்லை, சொற்களும் குறைவு. எனக்கு அது குறையாகப் படவில்லை.

சட்டமும் இவர்களைப் பேரேட்டில் சேர்க்கவில்லை. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையைத் தந்த 1935-இன் தொழிலாளர் உறவுச் சட்டம் வேளாண் தொழிலாளரையும் வீட்டுப் பணியாளரையும் விலக்கியது. 1938-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அப்படியே. தென் மாநில உறுப்பினர்களின் வாக்கு இல்லாமல் அந்தச் சட்டங்கள் நிறைவேறியிருக்காது. பண்ணைத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி ஓரளவாவது நீட்டிக்கப்பட்டது 1966-இல்தான். ஜோட் குடும்பத்தின் ஐந்து சென்ட் இரண்டரை சென்ட் ஆனபோது முறையிட அவர்களுக்குச் சட்டத்தில் ஓர் இடமும் இல்லை.

கறுப்பின வாழ்க்கையை உள்ளிருந்து எழுதிய சோரா நீல் ஹர்ஸ்டன் வேறு மாதிரி. ‘தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ (1937) நாவலின் பிற்பகுதி ஃபுளோரிடாவின் ஓக்கிச்சோபி ஏரிக்கரைச் சதுப்பு மண்ணில் அவரை பறிக்கும் கூலிகளிடையே நடக்கிறது. பகலில் பறிப்பு, இரவில் சீட்டாட்டமும் பாட்டும். கறுப்பின நாவலாசிரியர் ரிச்சர்ட் ரைட் இதை வெள்ளை வாசகரை மகிழ்விக்கும் எழுத்து என்று சாடினார். நான் ஹர்ஸ்டன் பக்கம். கூலிக்காரர்கள் எப்போதும் அழுதுகொண்டே இருக்கவேண்டும் என்று யார் விதித்தது? அவர் கண்மூடிக்கொண்டும் இல்லை. 1928-இன் சூறாவளியில் ஏரிக்கரை உடைந்து 2,500 பேருக்குக் குறையாமல் செத்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினக் கூலிகள். நாவலில், வெள்ளையர் சடலத்துக்குப் பெட்டி, கறுப்பருக்குச் சுண்ணாம்பு தூவிய குழி என்று உத்தரவு. ஊறிச் சிதைந்த உடல்களில் எது யாருடையது என்று தலைமுடியைப் பார்த்துப் பிரிக்கச் சொல்கிறார்கள்.

தொமாஸ் ரிவேரா டெக்சஸில் 1935-இல் பிறந்த புலம்பெயர் கூலிக் குடும்பத்துப் பிள்ளை, பின்னாளில் பல்கலைக்கழகத் தலைவர் ஆனவர். அவர் ஸ்பானிய மொழியில் எழுதிய ‘இ நோ செ லோ த்ராகோ லா தியெரா’ (1971) சின்னச் சின்னத் துண்டுகளால் ஆன நாவல். ஒரு துண்டில், வெயிலில் வேலை செய்யும் பிள்ளைகள் மாட்டுத் தொட்டியில் தண்ணீர் குடிக்க ஓடுவதால் நேரம் வீணாகிறது என்று முதலாளி எரிச்சலடைகிறார். தண்ணீர் குடிக்கவா மணிக்கணக்கில் கூலி கொடுக்கிறேன் என்பது அவர் வாதம். மிரட்டத்தான் சுட நினைக்கிறார், சிறுவன் செத்துவிடுகிறான். முழுக் கதையும் இரண்டு பக்கத்துக்குள்.

முதலில் எதைப் படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் ஸ்டைன்பெக்கின் பெரிய நாவலைச் சொல்வதில்லை. ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ (1937) நூறு பக்கச் சொச்சம், ஒரே உட்காரலில் முடியும். சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்க நினைக்கும் பண்ணைக் கூலிகளின் கதை அது. நிலத்தின் விலை அறுநூறு டாலர். மாதக் கூலி ஐம்பது. இயந்திரத்தில் கை போன கிழவர் கேண்டிக்கு நஷ்டஈடாகக் கிடைத்த இருநூற்றைம்பதும், அவர் சேர்த்த ஐம்பதும், மாதக் கடைசியில் வரப்போகும் ஐம்பதும் சேர்ந்தால் முந்நூற்றைம்பது. மற்ற இருவர் ஒரு மாதம் செலவே செய்யாமல் இருந்தால் இன்னொரு நூறு. நானூற்றைம்பது ஆயிற்றே, மிச்சத்தைப் பிறகு கட்டலாம் என்று அவர்கள் பேசும் அந்த ஒரு பக்கத்தைப் பென்சிலும் தாளுமாகப் படியுங்கள். அந்தத் திட்டத்தில் கையிலுள்ள ஒரே பெரிய தொகை, ஒருவர் கையை இழந்ததற்காக வந்தது. அதற்குப் பிறகு பாப், அப்புறம் ஹர்ஸ்டன். ஃபாக்னரின் பேரேட்டுக்குக் கொஞ்சம் அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியில் ஒரு வாக்கியமே பல பக்கம் ஓடும்.